இரண்டு கப்பலும் ஒரே கரையில்

காலை எட்டே கால் இருக்கும். இஸ்திரிக்காரர் தையலறைக்குள் ஓடி வந்தபோது அவர் காலில் செருப்பு இல்லை. அந்தத் தளத்துக்குக் கீழேதான் இயந்திரம். இரும்புத் தரை எந்நேரமும் சுடும். அவருக்குச் சுட்டதாகவே தெரியவில்லை.

"அண்ணே, அட்டையைக் காணோம்."

தையல்காரர் ஒரு வெயிட்டருடைய கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "எந்த அட்டை?" என்றார்.

"நீல அட்டை."

ஊசி நின்றது.

உல்லாசக் கப்பலில் வேலை என்றதும் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுக்கிற பளபளப்புப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். வெயில், மஞ்சள் கல் கோட்டை, படிக்கட்டுத் தெரு, சிரிக்கிற முகங்கள். அது பயணிகளுக்கு. கீழ்த்தளத்து ஆட்களுக்குக் கோட்டையும் ஒன்றுதான், குப்பைமேடும் ஒன்றுதான். இரண்டுமே கண்ணில் படாது. கப்பல் கரையில் நிற்கும்போது வேலை ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு. தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டுமாம். உள்ளே இருக்க வேண்டிய முறை வந்தவனுக்குச் சிவப்பு அட்டை, இறங்கலாம் என்கிறவனுக்கு நீல அட்டை. அட்டையில் படம் இல்லை, பெயர் இல்லை, எண் மட்டும்தான். இருவரும் ஒத்துக்கொண்டால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். தொலைத்தால் அன்றைக்கு வேறு அட்டை கிடையாது. மேலதிகாரி காலில் விழுந்தாலும் கிடையாது.

மற்ற நாளாக இருந்தால் இஸ்திரிக்காரர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். அவருடைய மனைவி இதே கம்பெனியின் இன்னொரு கப்பலில் அறை துப்புரவு வேலை செய்கிறாள். இரண்டு கப்பலும் இரண்டு கடலில் ஓடுகின்றன. இன்று ஒரு நாள் மட்டும் இரண்டும் இந்தத் துறைமுகத்தில் ஒன்றாக நிற்கும். இப்படி நின்று பதினொரு மாதம் ஆகிறது.

"கல்யாணமாகி மூணு வருஷம் அண்ணே. சேர்ந்து இருந்ததெல்லாம் கூட்டிப் பார்த்தா தொண்ணூத்தி நாலு நாள். இன்னைக்கு நாலு மணி நேரம் கிடைச்சுது. அதையும் எவனோ எடுத்துட்டான்." போனை எடுத்துக் காட்டினார். "இறங்கினதும் மஞ்சக் கம்பம் பக்கத்துல நிப்பேன்னு மெசேஜ் போட்டிருக்கா. நான் இங்கேருந்து என்ன பதில் போட?"

மூலையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பார்லர்க்காரி எழுந்துவிட்டாள். பயணிகளுக்கு முடி வெட்டுகிறவள். கப்பல் கரையில் நின்றால் அவள் கடை காலி. அதனால் தையலறையில் வந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். அன்று காலையும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தாள்.

"இடப்பக்கம் ரூம் எடுத்த அம்மா ஒண்ணு வந்து என் உசுரை எடுத்துட்டுப் போகுதுண்ணே. இங்க எப்பவும் இடப்பக்கம்தானே கரை? கோட்டை தெரியும்னு கேட்டு வாங்கின ரூமாம். அந்தக் கப்பலுக்கு இடம் விடணும்னு இன்னைக்கு நம்ம கப்பலைத் திருப்பிக் கட்டிட்டாங்க. விடியக்காலம் ஆசையா திரையை விலக்கினா, அலைத்தடுப்புக் கல்லு! நான் போய்க் கப்பலைத் திருப்பவா முடியும்?" என்று சொல்லி முடித்த நேரத்தில்தான் இஸ்திரிக்காரர் உள்ளே வந்தது.

இப்போது அவள் கண் மின்னியது. "அண்ணே, இது திருட்டு. நாம கண்டுபிடிச்சே ஆகணும்."

யார் எதைத் தொலைத்தாலும் அந்தத் தளத்தில் முதலில் தையல்காரரிடம்தான் வருவார்கள். சட்டைப் பை தைக்கிறவனுக்குப் பையில் இருந்தது எங்கே போகும் என்று தெரியாதா என்ற நம்பிக்கை. அவரும் மூன்று மோதிரம், ஒரு பல்செட், ஒரு சமையல்காரரின் கத்தி எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதிகாரிகளிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்பான், பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வான். காகிதத்தில் ஏறிய மனிதன் அடுத்த பயணத்தில் இருக்க மாட்டான்.

"அட்டையை எங்கே வைச்சே?" என்றார்.

"சந்தனக் கலர் சட்டையில. அவ வாங்கிக் கொடுத்தது. நேத்து சாயந்திரம் ரொட்டிக்காரர் தன்னோட நீல அட்டையைக் கொடுத்தார், என் சிவப்பை வாங்கிக்கிட்டார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அட்டையைப் பையில வைச்சு, பட்டன் போட்டு, எல்லாச் சட்டையோடயும் மாட்டினேன். காலைல அஞ்சரைக்குக்கூடத் தொட்டுப் பார்த்தேன், இருந்துச்சு. எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு பார்த்தா இல்லை."

"சட்டையை எடுத்தியா?"

"இல்லை. பையைத் தடவினேன், ஓடி வந்துட்டேன்."

"நல்ல வேலை செஞ்சே. வா."

சலவைக்கூடத்தில் நீராவி மூக்கை அடைத்தது. ஓரமாக நீளக் கம்பியில் நாற்பது சட்டைகள் தொங்கின. காலை ஆறிலிருந்து ஏழரை வரை கப்பல் ஆட்கள் வந்து அவரவர் சீருடையை எடுத்துப் போகிற இடம். யார் வந்தாலும் யாரும் கேட்பதில்லை. இஸ்திரிக்காரர் அந்த நேரத்தில் பெரிய இயந்திரத்துக்குப் பின்னால் நின்று மேசைவிரிப்புகளோடு போராடிக்கொண்டிருப்பார். கம்பி அவர் கண்ணுக்குத் தெரியாது.

தையல்காரர் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நடந்தார். மற்ற ஹேங்கர்களின் கொக்கிகள் எல்லாம் சுவரைப் பார்த்து இருந்தன. சந்தனச் சட்டையுடையது மட்டும் ஆளைப் பார்த்து இருந்தது.

"நீ இப்படியா மாட்டினே?"

"கொக்கி வெளியே பார்த்தா மாட்டுவாங்க? மொத்தமா அள்ளும்போது பூரா சரிஞ்சு விழுந்துடுமே அண்ணே."

பை திரும்பவும் பட்டன் போடப்பட்டிருந்தது. காலர் நேராக்கப்பட்டிருந்தது. துணியில் ஒரு கசங்கல் இல்லை, ஒரு கறை இல்லை. தையல்காரர் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு அதே இடத்தில் விட்டார்.

"சலவை மேஸ்திரிதான்!" என்று காதருகே வந்து சொன்னாள் பார்லர்க்காரி. "இவர் போயிட்டா ஆயிரத்து இருநூறு மேசைவிரிப்பை யார் தேய்க்கிறதுன்னு நேத்து கத்தினார். நானே கேட்டேன்."

"கத்தினவரா? சரி, வைச்சுக்குவோம்."

முதலில் அவர்கள் போனது இறங்கும் பாலத்துக்கு. வாசல் காவலருக்குத் தையல்காரர் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. தொந்தியை மறைத்துச் சீருடையைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் அவர்தானே. "அந்த எண் போகலைண்ணே. எட்டு மணிக்குக் கதவு திறந்தோம். இதுவரைக்கும் முப்பது நீலம் வெளிய போயிருக்கு, அது இல்லை" என்றார்.

"இன்னொரு கப்பல் எப்ப வருது?"

"பத்து மணிக்குக் கட்டுவான். அவங்க ஆளுங்களைப் பதினொண்ணுக்குத்தான் விடுவாங்க."

தையல்காரர் திரும்பி நடந்தார். பார்லர்க்காரி பின்னாலேயே வந்து, "எடுத்தவன் இன்னும் போகலையா? அப்ப எதுக்கு எடுத்தான்?" என்றாள்.

"நீ கேட்டியே, இன்னைக்குக் கேட்டதுல அதுதான் நல்ல கேள்வி."

ரொட்டிக்காரர் அடுப்பறையில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவு. அதிகாலை மூன்று மணிக்கு உள்ளே வந்தவர் இன்னும் வெளியே வரவில்லை என்று கூட இருந்த நான்கு பேரும் சொன்னார்கள். "நான் கொடுத்த அட்டையை நானே திருடுவேனா? கொடுக்க மனசில்லைன்னா கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். எனக்கு வாய் இல்லையா?" என்று பொரிந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "பாவம், அந்தப் பையன் நேத்துப் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தான். அந்த மேளக்காரனைக் கேளுங்க. எனக்குக் கொடு எனக்குக் கொடுன்னு ரெண்டு நாளா என் பின்னாடி அலைஞ்சான்."

மேளக்காரர் இரவு விருந்தில் டிரம் வாசிப்பவர். படுக்கையில் குப்புறக் கிடந்தார். மூன்று தட்டுத் தட்டிய பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"அட்டையா? ஏங்க, அட்டை கையில இருந்தா எவனாவது கப்பல்ல தூங்குவானா? எட்டு மணிக்கே போய்க் கடற்கரையில விழுந்திருக்க மாட்டேன்?" என்று சொல்லிவிட்டு மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டார்.

"நடிக்கிறான்" என்றாள் பார்லர்க்காரி.

"அவன் மேடையிலேயே நடிக்கத் தெரியாதவன், தங்கச்சி."

மூன்றாவதாக அவர்கள் பார்த்தது விளக்குக்காரரை. கப்பலின் நாடக அரங்கில் விளக்குப் போடுகிறவர். இஸ்திரிக்காரரின் சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். ஆறு மாதமாக ஒரே கப்பலில் இருக்கிறார்கள். ஒரே வரிசையில் நின்று சாப்பாடு வாங்குகிறார்கள். ஒரு வார்த்தை பேசினதில்லை. தங்கை தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை என்பது அந்தத் தளம் முழுக்கத் தெரியும்.

அரங்கு இருட்டாக இருந்தது. ஏணியின் மேல் நின்று ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாப்பிள்ளையோட அட்டையைக் காணோமாம்" என்றார் தையல்காரர்.

"அதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்றேன். காலைல சீருடை எடுக்க வந்தீங்களே, கம்பிகிட்ட யாரையாவது பார்த்தீங்களா?"

"நான் இன்னைக்கு வரவேயில்லை. ஆறு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் மேல்தளத்துல இடப்பக்கம் நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். கோட்டை மேல வெயில் விழுறதைப் பார்த்துக்கிட்டு. நேரா இங்க வந்துட்டேன்."

"உங்களுக்கு இன்னைக்கு என்ன அட்டை?"

"சிவப்பு. தீயணைப்புக் குழுவுல இருக்கேன். எனக்கு எவன் மாத்திக் கொடுப்பான்?"

"நல்ல டீயா?" என்று கேட்டார் தையல்காரர்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. துடைங்க."

வெளியே வந்ததும் பார்லர்க்காரி, "இந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தீங்களா? பொறாமைண்ணே. தங்கச்சி வாழக் கூடாதுன்னு எடுத்து கடல்ல வீசியிருப்பான்" என்றாள்.

"வீசியிருந்தா இஸ்திரிக்காரனுக்கு இன்னைக்குக் கதி இல்லை. வீசலைன்னுதான் எனக்குத் தோணுது. நீ போய் எல்லாரையும் பத்தே முக்காலுக்கு இஸ்திரி மேசைகிட்ட வரச் சொல்லு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக் கூடாது."

"ஏன் பத்தே முக்கால்?"

"பதினொண்ணுக்கு அந்தக் கப்பல் கதவு திறக்குமே."

பத்து மணிக்கு இன்னொரு கப்பல் வந்து கட்டியது. கயிறு இழுபடுகிற சத்தம் சலவைக்கூடம் வரை கேட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இஸ்திரிக்காரர் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். நடுவில் இரண்டு இரும்புச் சுவரும் நாற்பது அடித் தண்ணீரும்தான். செருப்பை யாரோ கொண்டுவந்து காலருகே போட்டிருந்தார்கள். அவர் மாட்டவில்லை.

சொன்ன நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரொட்டிக்காரர் மாவோடு வந்தார். மேளக்காரர் கொட்டாவி விட்டார். விளக்குக்காரர் கதவோரம், வெளியே போகிறவர் மாதிரி நின்றார்.

"மேலே யாருக்கும் இது போகாது. சொன்னா எல்லாருக்கும்தான் வேலை போகும். அதனால பயப்படாம கேளுங்க" என்று ஆரம்பித்தார் தையல்காரர். "மேஸ்திரி மேல எல்லாருக்கும் சந்தேகம்."

"என் மேலயா? எவன் சொன்னான்?" என்று மேஸ்திரி பாய்ந்தார். பார்லர்க்காரி கூரையைப் பார்த்தாள்.

"உங்க மேல எனக்கு இல்லை. எடுத்தவன் சட்டையைக் கழட்டி, திரும்ப மாட்டியிருக்கான். கொக்கியை வெளியே பார்த்து மாட்டியிருக்கான். இந்தக் கூடத்துல வேலை செய்யிறவன் தூக்கத்துல மாட்டினாலும் சுவரைப் பார்த்துத்தான் மாட்டுவான். கை பழகின பழக்கம். அப்ப வெளியாள். ரொட்டிக்காரர் எடுத்திருந்தா சட்டையில மாவு இருக்கும், ஈஸ்ட் வாடை இருக்கும். முகர்ந்து பார்த்தேன், இல்லை. அவரை நாலு பேர் விடாம பார்த்துக்கிட்டும் இருந்தாங்க."

"நான்?" என்றார் மேளக்காரர், லேசான ஆர்வத்தோடு.

"நீயே பதில் சொல்லிட்டே. நீ எடுத்திருந்தா எட்டு மணிக்குக் கடற்கரையில கிடப்பே. ஊரைப் பார்க்க ஆசைப்பட்ட எவனா இருந்தாலும் கதவு திறந்ததும் போயிருப்பான். இவன் போகலை. அட்டையைக் கையில வைச்சுக்கிட்டுக் காத்திருக்கான். எதுக்கு? ஊரு எட்டு மணிக்கே இருந்துச்சு. எட்டு மணிக்கு இல்லாதது அந்தக் கப்பல். பதினொண்ணுக்கு முன்னாடி போனா அதுல இருந்து யாரும் இறங்கியிருக்க மாட்டாங்க. அதனால எடுத்தவனுக்கும் அந்தக் கப்பல்லதான் ஆள் இருக்கு."

இஸ்திரிக்காரர் மெல்லத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"விளக்குக்காரரே, இந்தத் துறைக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க?"

"பத்து, பன்னெண்டு."

"ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம்தான் கரை, இடப்பக்கம்தான் கோட்டை. இன்னைக்கு அந்தக் கப்பலுக்கு இடம் விட்டுக் கப்பலைத் திருப்பிக் கட்டினாங்க. ஆறு மணிக்கே திருப்பியாச்சு. ஆறுலேருந்து ஏழு வரைக்கும் இடப்பக்கம் நின்னவன் கல்லைத்தான் பார்த்திருப்பான். நீங்க மேலேயே போகலை. நம்மள மாதிரி ஜன்னல் இல்லாத ஆளுங்க ஊரை ஞாபகத்துலதானே பார்க்கிறோம், அதனால வந்த தப்பு."

விளக்குக்காரர் கதவோரத்திலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார்.

"இன்னொண்ணு. வெறுப்புல எடுத்தவன் சட்டையைக் கசக்கித் தூக்கிப் போட்டிருப்பான். நீங்க பட்டன் போட்டு, காலரை நேராக்கி மாட்டியிருக்கீங்க. அந்தச் சட்டையை வாங்கினது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

விளக்குக்காரர் சட்டைக்குள் கை விட்டார். நீல அட்டை வியர்வையில் வளைந்திருந்தது.

"எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு போன்ல சொன்னேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "மூணு வருஷமாச்சு. அதுக்கப்புறம் நான் போன் பண்ணா எடுக்கிறதில்லை. அம்மா செத்தப்பவும் எடுக்கலை. இந்த ஆள் இருக்கிற கப்பலுக்கு வந்தா என்னைக்காவது ஒரு நாள் இப்படி ரெண்டும் ஒண்ணா நிக்கும்னு கணக்குப் போட்டுத்தான் மாத்தல் வாங்கினேன். நின்னுச்சு. எனக்குச் சிவப்பு விழுந்துச்சு. நேத்து சாப்பாட்டு வரிசையில அவ வாங்கிக் கொடுத்த சட்டையைப் பத்தியும் அட்டையைப் பத்தியும் இவர் சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. நேர்ல போய் நின்னா என்ன செய்வா, அடிப்பா. அடிக்கட்டும்னு நினைச்சேன்."

இஸ்திரிக்காரர் இரண்டு எட்டில் அவர் முன்னால் போய் நின்றார். கை ஓங்கியேவிட்டது. ரொட்டிக்காரர் பிடிக்கப் போனார். ஆனால் அந்தக் கை அட்டையைத்தான் பிடுங்கியது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மச்சான்."

ஆறு மாதத்தில் முதல் பேச்சு அதுதான்.

"எந்த மூஞ்சியை வைச்சுக்கிட்டுக் கேட்பேன்? நீங்க போங்க மாப்பிள்ளை. நான் தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க."

"மாட்டேன். அதை நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். அவ அழுது நான் பார்த்திருக்கேன். நீங்க சொன்னதை நீங்களேதான் எடுக்கணும்." இஸ்திரிக்காரர் சந்தனச் சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார். பட்டன் தப்புத் தப்பாக விழுந்தது, பார்லர்க்காரி அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். "மேல்தளத்துக்கு வந்து நில்லுங்க. நான் அவகிட்ட நீங்க நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்றேன். வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் விளக்குக்காரர், குழந்தை மாதிரி.

"வலப்பக்கம் சாமி, வலப்பக்கம்!" என்றாள் பார்லர்க்காரி.

மேல்தளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. தையல்காரர் வெளியே வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கோட்டை, அதற்குக் கீழே வெள்ளை வீடுகள், படிகளில் குடையோடு ஏறுகிற பயணிகள். எல்லாம் அச்சடித்த புத்தகம் மாதிரியேதான் இருந்தது. அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கீழே கப்பல் கட்டும் மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இஸ்திரிக்காரர் பாலத்தில் ஓடினார். பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவள் அவருடைய சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் நடுவில் இடம் இல்லாமல் போயிற்று. பார்லர்க்காரி மூக்கை உறிஞ்சினாள்.

சற்று நேரம் கழித்து இஸ்திரிக்காரர் ஏதோ சொல்லி மேலே காட்டினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தாள். விளக்குக்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துவிட்டது. அவர்கள் துறைமுக வாசலை எட்டியாயிற்று.

வாசலில் அவள் நின்றாள். கையை விட்டாள். தனியாகத் திரும்பி, வேகமாக, கிட்டத்தட்ட ஓடி, கப்பலுக்கு நேர் கீழே வந்தாள். தலையை முழுக்க நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணனைப் பார்த்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்!" என்று விளக்குக்காரர் கத்தினார். எட்டு மாடி உயரம், கடல் காற்று. கேட்டதோ இல்லையோ தெரியாது. மறுபடி கத்தினார். மூன்றாவது முறை குரல் எழும்பவில்லை.

அவள் கையைக் குவித்து வாயில் வைத்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். விரலை நீட்டி, காலால் தரையைத் தட்டி, அழுதுகொண்டு சொன்னாள். விளக்குக்காரர் தலையை ஆட்டினார். அவள் முடித்துவிட்டுக் கணவனிடம் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பார்லர்க்காரியால் பொறுக்க முடியவில்லை. "என்னண்ணே சொன்னா? ஒண்ணும் காதுல விழலையே."

"நமக்குச் சொன்னது இல்லையே. வா, கீழே போவோம்" என்றார் தையல்காரர்.